கம்பெனிப் பணத்தின் ஆபத்தை அன்றே உணர்த்திய சாக்ளா

புது தில்லி: தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ம் தேதி ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், 1957-ல் மும்பை உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்றும் நினைவுகூரப்பட்டது. அந்த வழக்கில் தீர்ப்பளித்தவர் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா.

1900-ல் மும்பையில் பிறந்த சாக்ளா, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று வழக்கறிஞரானார். தொடக்கத்தில் ஜின்னாவின் ஜூனியராக இருந்தவர், ஜின்னா வகுப்புவாத அரசியலை நோக்கிச் சென்றபோது அவரைவிட்டு விலகினார். 1941-ல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1947-ல் தலைமை நீதிபதியாகவும் பொறுப்பேற்றார்.

அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க வசதியாகத் தனது அமைப்பு விதியைத் திருத்த டாடா இரும்பு உருக்கு நிறுவனம் விரும்பியது. பங்குதாரர் தரப்பில் எழுந்த ஆட்சேபம் மேல்முறையீடாக அவர் முன் வந்தது. அன்றைய சட்டத்தில் அத்தகைய நன்கொடைக்குத் தடை ஏதும் இல்லை. எனவே, திருத்தத்தை அவர் அனுமதித்தார். ஆயினும், வாக்குரிமையை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகத்தைப் பெருநிறுவனப் பணம் நெரித்துவிடக்கூடும் என எச்சரித்து, நாடாளுமன்றம் இதில் கவனம் செலுத்த வேண்டும் என வலியுறுத்தினார்.

அடுத்த ஆண்டே, பணத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை நேரில் விசாரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் சுமார் ரூ.1.24 கோடிக்கு வாங்கியதை நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி அம்பலப்படுத்தியிருந்தார். ஒரு நபர் ஆணையமாக நியமிக்கப்பட்ட சாக்ளா, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று கேட்க ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. சில வாரங்களிலேயே அறிக்கை தயாரானது. அதிகாரிகளின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றது அறிக்கை. தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

பின்னர் அமெரிக்காவில் தூதராகவும், பிரிட்டனில் ஹை கமிஷனராகவும், மத்திய கல்வி அமைச்சராகவும், வெளியுறவு அமைச்சராகவும் சாக்ளா பணியாற்றினார். மொழிக் கொள்கையில் உடன்பாடு இல்லாததால் 1967-ல் அமைச்சர் பதவியைத் துறந்தார். நெருக்கடி நிலையை வெளிப்படையாக எதிர்த்தார். 1981 பிப்ரவரியில் மறைந்தார்.

அவரது எச்சரிக்கைக்குப் பின்னர் சட்டம் பலமுறை மாறியது. 1960-ல் கம்பெனி நன்கொடைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1969-ல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது. 1985-ல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2017-ல் உச்சவரம்பு நீக்கப்பட்டதோடு, கொடுப்பவர் பெயரை மறைக்கும் தேர்தல் பத்திரத்துக்கும் வழி திறந்தது. இவ்விரண்டும் செல்லாது என 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் போனாலும் கம்பெனி நன்கொடை சட்டப்படி தொடர்கிறது. எனவே, நாடாளுமன்றத்தின் முன் சாக்ளா வைத்த கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.