பங்கு வாணிகப் பெருமகன் பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பைக்குச் சென்று வரும் நம்மவர் பலர், பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயரத்திற்கு ஓங்கி நிற்கும் இராஜாபாய் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்திருப்பர். அது ஒரு சமண அன்னையின் திருப்பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்பினை வாழ்நாள் முழுதும் காத்த அவ்வன்னைக்கு முதுமையில் கண்பார்வை இல்லை. உணவு கொள்ளும் காலத்தை மணியோசையால் அறிந்து கொள்ளவே மைந்தர் அக்கூண்டிற்குப் பொருள் வழங்கினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அம்மைந்தரே பிரேம்சந்த் ராய்சந்த். பங்கு வாணிகம் என்னும் சொல்லையே நம் நாட்டில் பலர் அறியாதிருந்த காலத்தில் அதன் முடிசூடா மன்னராய் விளங்கியவர். அதனாலேயே வீழ்ந்து, வீழ்ந்தபின்னும் எழுந்து வாழ்ந்தவர்.

இவர் 1831ஆம் ஆண்டு சூரத் நகரில் ஒரு குஜராத்திச் சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் ராய்சந்த் தீப்சந்த். சூரத்தின் பழைய துறைமுகச் செல்வம் தேய்ந்து பம்பாய் வளர்ந்து வந்த காலம் அது. பிழைப்பை நாடித் தந்தையார் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். மைந்தர் அங்கு ஆங்கிலம் பயின்றார். ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வல்ல முதல் இந்தியப் பங்குத் தரகர் இவரே என்பர். கணக்குகளை ஏட்டில் குறிக்காமல் நினைவிலேயே வைத்திருந்து, பின்னர் பிழையின்றி ஒப்புவிக்கும் ஆற்றல் இவருக்கு இருந்ததாகவும் சொல்வர். இளமையிலேயே தரகுத் தொழிலில் புகுந்து, பத்தாண்டுகளுக்குள் நகரின் முதன்மைத் தரகராக உயர்ந்தார்.

அக்காலத்தில் பங்குத் தரகர்க்கெனக் கட்டடம் ஏதும் இல்லை. நகர மண்டபத்திற்கு எதிரே ஆலமர நிழலில் கூடி விற்றும் வாங்கியும் வந்தனர். கைமாறிய பங்குகளும் மிகச் சிலவே. 1840இல் தோன்றிய பம்பாய் வங்கி அவற்றுள் தலையாயது. பங்கு வைத்திருப்போர் பெரும்பாலும் அதனை விற்பதற்காக வைத்திருக்கவில்லை. நிலத்தை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் விளைச்சலை எதிர்நோக்குவது போல, நிறுவனம் ஈட்டிய இலாபத்தில் தம் பங்குக்கு வரும் ஈவுத்தொகையை எதிர்நோக்கி வைத்திருந்தனர். வயலை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று நாள்தோறும் விசாரிக்கும் உழவர் நம் ஊர்ப்பக்கம் இல்லையல்லவா? அது போன்றதே அன்றைய பங்குதாரர் மனநிலையும்.

இவ்வீவுத்தொகை மீது முதன்முதலாக அரசின் பார்வை விழுந்தது 1860இல். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியதில் ஏற்பட்ட கடனைத் தீர்க்க, இந்திய அரசின் நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் வருமான வரிச் சட்டத்தைக் கொணர்ந்தார். அச்சட்டம் வருமானத்தை நான்கு வகையாகப் பிரித்தது. நிலச்சொத்து ஒன்று, தொழிலும் வாணிகமும் ஒன்று, சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்று, அரசுக் கடன் பத்திர வட்டியும் பங்கு ஈவுத்தொகையும் சேர்ந்து ஒன்று. ஆண்டு வருமானம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் இருப்பின் நூற்றுக்கு 2. அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு 4. ஆக, 500 ரூபாய் ஈவு பெற்ற வசதியுள்ள ஒருவர் 20 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. வில்சன் அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே கல்கத்தாவில் நோயுற்று மறைந்தார். அவர் இட்ட வித்து மறையவில்லை. கையில் வந்து சேர்ந்த வருமானத்திற்குத்தான் வரி. முதலீடாக வைத்திருந்த பங்கின் விலை ஏறியதால் ஏட்டில் தோன்றும் ஆதாயத்திற்கு வரி இல்லை. இவ்வேறுபாடு பின்வரும் வரலாற்றிற்கு இன்றியமையாதது.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை வடவர் படைக்கப்பல்கள் அடைத்துக் கொள்ளவே, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. அவ்வாலைகள் இந்தியப் பருத்தியை நாடின. விலை பன்மடங்கு ஏறியது. பம்பாயில் வெள்ளியும் பொன்னும் வந்து குவிந்தன. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் கரை சேர்வதற்கு முன்பே படகனுப்பிப் பருத்திச் சந்தைச் செய்திகளைப் பிரேம்சந்த் பெற்றுவிடுவார் என்பர். அச்செல்வத்தில் பெரும் பங்கு அவர் கை வழியே சென்றது.

குவிந்த பொருளுக்கு வேலை வேண்டுமே! புதிய நிறுவனங்கள் நாள்தோறும் முளைத்தன. 1865 தொடக்கத்தில் பம்பாயில் வங்கிகள் மட்டும் 31 இருந்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்கள் வேறு. அவற்றுள் பேர்பெற்றது பேக்பே நிறுவனம். அதன் ஒரு பங்கிற்குச் செலுத்த வேண்டிய முதல் 5,000 ரூபாய். அப்பங்கு சந்தையில் சுமார் 50,000 ரூபாய்க்கு விலைபோயிற்று. அதன் சொத்து எங்கே இருந்தது எனில், கடலுக்கடியில் இருந்தது!

இங்குச் சற்று நின்று ஒரு கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. அந்நிறுவனம் என்றேனும் நிலத்தை மீட்டு, செலுத்திய முதலுக்கு நூற்றுக்கு 10 வீதம் ஈவு வழங்கியிருந்தால் ஒரு பங்கிற்கு 500 ரூபாய் கிடைத்திருக்கும். 5,000 ரூபாய் கொடுத்தவருக்கு அது நல்ல வருவாய். 50,000 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கோ நூற்றுக்கு 1 மட்டுமே. அதே காலத்தில் அரசுக் கடன் பத்திரம் நூற்றுக்கு 4, 5 என்று அச்சமின்றி ஈந்து வந்தது. கல்வியறிவுடைய பம்பாய் வணிகர் இவ்வெளிய கணக்கை அறியாதவரல்லர். ஈவை எண்ணி எவரும் வாங்கவில்லை. நாளை மற்றொருவர் இன்னும் மிகுந்த விலை தருவார் என்று எண்ணியே வாங்கினர். ஆறு மாதத் தவணை கூறி, கையில் பொருளின்றியே ஒப்பந்தம் செய்தவரும் பலர். வேலைக்காரர் முதல் வழக்கறிஞர் வரை இப்பித்துப் பிடித்து அலைந்தனர்.

பிரேம்சந்தின் பங்கினைக் கூறும் இடத்தில் நம்மவர் எழுதும் வாழ்த்துக் கட்டுரைகள் விரைந்து நடந்துவிடுகின்றன. அவ்வாறு செய்தல் முறையன்று. மெய்ம்மையை விரதமாகக் கொண்டோர் தம்மவர் குறையையும் கூறக் கடமைப்பட்டவர். பம்பாய் வங்கியின் செயலரும் இயக்குநர்களும் இவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். எவருக்குக் கடன் அளிக்கலாம் என இவர் கைகாட்டினாரோ அவருக்குக் கடன் சென்றது. ஈடாக வைக்கப்பட்டவையோ ஏறிக் கிடந்த பங்குகள். ஈவு ஈட்டாத பங்கின்மேல் கடன், அக்கடனால் மேலும் பங்கு, அதனால் மேலும் விலை. இச்சுழலை அவர் ஒருவரே தோற்றுவித்தார் எனல் மிகை. ஆயினும் அதன் நடுவில் நின்றவர் அவரே.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தென்படை சரணடைந்தது. செய்தி எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. தவணை ஒப்பந்தங்கள் முதிரும் நாளாகிய ஜூலை 1 வந்தபோது கொடுப்பாரும் இல்லை, கொள்வாரும் இல்லை. பேக்பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஒருகால் 2,850 ரூபாய் விற்ற பம்பாய் வங்கிப் பங்கினைப் பின்னர் 87 ரூபாய்க்கே விற்க முடிந்தது. வங்கி தன் மூலதனத்தில் பெரும்பகுதியை இழந்து 1868இல் கலைக்கப்பட்டது. அரசு விசாரணைக் குழுவும் அமர்ந்தது. 1866இலேயே பிரேம்சந்தும் நொடித்துப் போனார். அவரை நம்பிய சிறுவணிகர் குடும்பங்கள், கைம்பெண்கள், ஓய்வூதியர் எத்தனையோ பேர் உடன் வீழ்ந்தனர். ஈவுத்தொகையை மட்டும் நம்பிப் பழைய வங்கிப் பங்கை வைத்திருந்தவரும் அதில் அடக்கம் என்பதே நெஞ்சை வருத்துவது. நிறுவனத்தை நடத்துவோர் தவறினால் பொறுமையான பங்குதாரருக்கும் காப்பு இல்லை. வில்சனின் வரிச்சட்டமும் அதே 1865இல் காலாவதியாயிற்று. வீழ்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆண்டு மட்டுமே ஒன்று.

வீழ்ச்சிக்கு முன்பே அவர் வழங்கிய கொடைகள் தப்பின. 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்திற்கு 2 இலட்சமும் மணிக்கூண்டிற்கு 2 இலட்சமும் அளித்திருந்தார். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த கட்டடத்திற்கு 1869இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது வழங்கியவரிடம் பழைய செல்வம் இல்லை. 1878இல் அது முடிந்தது. அகமதாபாத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் சூரத்தில் பெண்கள் பள்ளியும் அவர் கொடையால் எழுந்தவை.

நொடித்தபின் ஊரை விட்டு ஓடாமல் மீண்டும் தரகுத் தொழிலையே மேற்கொண்டார். 1875 ஜூலை 9ஆம் நாள் தரகர் 318 பேர் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். நுழைவுக் கட்டணம் 1 ரூபாய். அதனை நிறுவியவருள் முன்னின்றவர் பிரேம்சந்த். இன்று மும்பைப் பங்குச் சந்தை எனப்படுவது அதுவே. விதிமுறையற்ற வாணிகத்தால் அழிந்தவரே விதிமுறைக்கு வழிகோலியவருள் ஒருவரானார்.

அவருடைய முதுமையில், 1886இல், வருமான வரி நிலையாக வந்து சேர்ந்தது. இம்முறை ஈவுத்தொகையை அரசு வேறு விதமாக நோக்கியது. நிறுவனத்தின் நிகர இலாபத்தில் ரூபாய்க்கு 5 பை வரி. 192 பை கொண்டது அக்கால ரூபாய். ஆகவே 1,000 ரூபாய் இலாபத்திற்கு வரி 26 ரூபாய் 8 பை. நிறுவனம் அதனைச் செலுத்திவிட்டால் எஞ்சியதை ஈவாகப் பெறும் உறுப்பினர் மீண்டும் வரி கட்ட வேண்டுவதில்லை. ஒரே இலாபத்திற்கு ஒரே முறை வரி என்பது அதன் நெறி. 1922ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிறுவனம் கட்டிய வரி பங்குதாரர் சார்பில் கட்டியதாகவே கொள்ளப்பட்டு, அவர் கணக்கில் கழிக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்நெறியைக் கைவிட்டது. அதன்பின் நிறுவனம் தன் இலாபத்திற்கு ஒரு வரியும், பங்குதாரர் தம் ஈவுக்கு மற்றொரு வரியும் செலுத்தலாயினர்.

பின்னர் 1997 ஜூன் முதல், ஈவு வழங்கும் நிறுவனமே அதற்கெனத் தனி வரி கட்ட, பெறுவோருக்கு வரியில்லை என்றாயிற்று. இடையில் ஓராண்டு நீங்கலாக இம்முறை 2020 மார்ச் வரை நின்றது. செல்வருக்கும் எளியவருக்கும் ஒரே வீதம் விழுந்ததே அதன் குறை. வரி வரம்பிற்குள் வாராத முதியவரும் தமக்கு வரவேண்டிய ஈவில் குறைவையே பெற்றனர். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை அவரவர் ஏனைய வருமானத்துடன் சேர்க்கப்பட்டு, அவரவர்க்குரிய வீதத்தில் வரிக்குட்படுகிறது. ஒரு நிறுவனம் ஓராண்டில் ஒருவருக்கு வழங்கும் ஈவு 5,000 ரூபாயைத் தாண்டினால் நூற்றுக்கு 10 மூலத்தில் பிடிக்கப்பட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதல் அவ்வரம்பு 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிடித்தம் போயிற்றே என்று நம் இல்லத்து முதியோர் சிலர் வாளா இருந்துவிடுகின்றனர். வரி கட்ட வேண்டாத வருமானமுடையோர் விவர அறிக்கை அளித்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். தொடர்ந்து 7 ஆண்டுகள் பெறப்படாத ஈவும், அதற்குரிய பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியத்திற்குச் சென்றுவிடும் என்பதையும் பழைய பங்குப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தார் நினைவிற்கொள்க. அங்கிருந்தும் மனுச்செய்து மீட்கலாம், அலைச்சல் மிகுதி.

பிரேம்சந்த் 1906இல் மறைந்தார். பைகுல்லாவில் அவர் வாழ்ந்த பெருமனை பின்னாளில் கன்னியர் மடத்தார் நடத்தும் கல்வி நிலையமாயிற்று. அவர் பெயரைப் பம்பாயினும் மிகுதியாகக் கல்கத்தாக் கற்றோர் உலகம் அறியும். நொடித்த அதே 1866இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் வழங்கிய 2 இலட்சத்தை முதலாக நிறுத்தி, அதன் வருவாயைக் கொண்டு உயராய்வு மாணவர்க்குப் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. 1886இல் அதனைப் பெற்றவர் அசுதோஷ் முகர்ஜி. 1897இல் பெற்றவர் வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார்.