விளக்கும் கணக்கும்

நோயுற்றவரைப் பேணுவதற்கு அன்பு வேண்டும். அதனோடு அறிவும் முறையான பயிற்சியும் வேண்டும். இவ்வுண்மையை உலகம் ஏற்கும்படி செய்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கேந்திய காரிகை எனப் போற்றப்படும் அவர், புள்ளியியல் அறிஞராகவும் கல்வியாளராகவும் ஆற்றிய பணிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் எதிர்ப்பும்

நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியில், செல்வ வளம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தை வில்லியம் தம் மகளிர் இருவருக்கும் மொழிகளையும் வரலாற்றையும் மெய்யியலையும் தாமே கற்பித்தார். பிளாரன்சின் உள்ளமோ கணிதத்தில் பெரிதும் தோய்ந்தது.

செவிலியராக வேண்டும் என்னும் விருப்பத்தை அவர் வெளியிட்டபோது குடும்பத்தினர் கடுமையாக எதிர்த்தனர். அக்கால இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணி, பயிற்சியற்றோர் கூலிக்குச் செய்யும் இழிந்த வேலையாகக் கருதப்பட்டது. பல ஆண்டுகள் காத்திருந்த அவர், 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் 3 மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார்.

போர்க்களம் கற்பித்த பாடம்

1854இல் கிரிமியப் போரில் காயமுற்ற பிரித்தானிய வீரர்கள், இஸ்தான்புல் நகரை அடுத்த ஸ்கூட்டரி மருத்துவமனையில் குவிந்தனர். அவர்களைப் பேண 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்குச் சென்றார். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. உடை, உணவு, துணி வெளுத்தல் ஆகியவற்றை அவர் சீர்செய்தார்; இரவில் கைவிளக்குடன் வீரர்களைச் சுற்றிவந்து கவனித்தார். எனினும், அக்குளிர்காலம் முழுவதும் இறப்புகள் ஓயவில்லை. 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வந்த துப்புரவுக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்து, காற்றோட்டத்திற்கு வழிவகுத்த பின்னரே இறப்புகள் பெருமளவு குறைந்தன.

எண்கள் உணர்த்திய உண்மை

1856இல் நாடு திரும்பியவர், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் இணைந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். காயங்களால் மாண்டவரைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே மிகுதி என்பது புலனாயிற்று. இவ்வுண்மை அட்டவணைகளுக்குள் மறைந்துவிடக் கூடாது எனக் கருதி, வட்டவடிவ வண்ணப்படம் ஒன்றை அமைத்தார். 12 மாதங்களுக்கு 12 கூறுகள். நோயால் நேர்ந்த இறப்புக்கு நீலம், காயத்தால் நேர்ந்ததற்குச் சிவப்பு, பிறவற்றிற்குக் கறுப்பு. புள்ளியியல் கல்லாதவரும் பார்த்த அளவில் நிலைமையை உணர்ந்தனர். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

செவிலியர் கல்வி

மக்கள் நன்றியுடன் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860இல் லண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். மாணவியர் ஓராண்டு தங்கிப் பயின்றனர். மருத்துவர்தம் விரிவுரைகளைக் கேட்டனர். நோயாளர் கூடங்களில் நேரடியாகப் பயிற்சி பெற்றனர். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதினர். அவர்களுடைய திறனும் ஒழுக்கமும் மாதந்தோறும் மதிப்பிடப்பட்டன. அங்குப் பயின்றோர் சிட்னி முதலிய தொலைதூர நகரங்களிலும் செவிலியப் பயிற்சியைத் தொடங்கினர்.

இல்லந்தோறும் நலவாழ்வு அறிவு

நோயைத் தடுக்கும் அறிவு மருத்துவமனையோடு நின்றுவிடலாகாது என்பது அவரது உறுதியான எண்ணம். செவிலியம் குறித்து அவர் எழுதிய நூல், வீட்டில் பிறரைப் பேணும் பெண்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. தூய காற்று, தூய நீர், கழிவகற்றல், வெளிச்சம் ஆகியவற்றின் தேவையை அது எளிமையாக விளக்கியது. 1861இல் உழைக்கும் மக்களுக்கெனக் குறைந்த விலைப் பதிப்பை வெளியிட்டு, குழந்தை வளர்ப்பு பற்றிய பகுதியையும் அதில் சேர்த்தார்.

1857 முதல் நோய் அவரைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடக்கியது. ஆயினும் எழுத்துப்பணி ஓயவில்லை. 1892இல் பக்கிங்காம்சயர் பகுதியில், பயிற்சி பெற்ற பெண்கள் ஊர்ப்புற வீடுகளுக்குச் சென்று தாய்மார்களுக்கு நலவாழ்வு முறைகளைக் கற்பிக்கும் திட்டத்திற்கு வழிகாட்டினார். ஒருமுறைகூட இந்தியாவிற்கு வராத அவர், இந்தியப் படை நிலையங்களின் துப்புரவு குறித்த தகவல்களைத் திரட்டி ஆராய்ந்தார். இந்திய ஊர்களுக்கும் இத்தகைய நலப்பணியாளர் வேண்டும் என வலியுறுத்தினார்.

1907இல் பிரித்தானிய அரசின் உயரிய தகுதி விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910ஆம் ஆண்டு ஆகத்து 13ஆம் நாள் லண்டனில் மறைந்தார். அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கற்றறிந்த செவிலியரும் நலவாழ்வை உணர்ந்த குடும்பமும் இணையும் இடத்தில் பல இறப்புகளைத் தடுக்க இயலும் என்பதே அவரது வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.