வாரன் டி லா ரூ

வாரன் டி லா ரூ (ஜனவரி 1815 – ஏப்ரல் 19, 1889) பிரித்தானிய வானியலாளரும் வேதியியலாளரும் ஆவார். வான்பொருள்களை ஒளிப்படம் எடுக்கும் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். அச்சுத்தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்த இவர், தம் வாழ்நாள் முழுவதும் எந்த வானியல் ஆய்வகத்திலும் ஊதியம் பெற்றுப் பணியாற்றியதில்லை. பகலில் தொழிற்சாலையையும் இரவில் தொலைநோக்கியையும் கவனித்துவந்த தொழில்முறை சாரா வானியலாளராகவே இருந்தார். சந்திரனின் தெளிவான ஒளிப்படங்களை எடுத்தமையும், 1860 ஆம் ஆண்டின் முழு சூரிய கிரகணத்தை ஒளிப்படம் எடுத்ததன் மூலம் தீக்கொழுந்துகள் சூரியனுக்கே உரியவை என நிறுவியமையும் இவருடைய முதன்மையான பணிகளாகும்.

பிறப்பும் கல்வியும்

டி லா ரூ ஆங்கிலக் கால்வாயில் உள்ள குயெர்ன்சி தீவில் பிறந்தார். தந்தை தாமஸ் டி லா ரூ, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டி லா ரூ அச்சு நிறுவனத்தை இலண்டனில் தோற்றுவித்தவர். வாரன் அவருடைய மூத்த மகன். பாரிசில் உள்ள செயின்ட் பார்பு கல்லூரியில் பயின்ற பின்னர் இவர் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். 1840 இல் ஜார்ஜியானா பவுல்ஸ் என்பவரை மணந்தார்.

அச்சுத்தொழில்

தாமஸ் டி லா ரூ 1831 இல் சீட்டுக்கட்டுகளை அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மை, காகிதம், சாயம் ஆகியவற்றோடு வளர்ந்த மகனுக்கு வேதியியலில் ஈடுபாடு ஏற்பட்டது இயல்பானதே. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியின் நிறப்பொருளை ஆராய்ந்து இவர் கட்டுரை எழுதினார். இயந்திரங்களை வடிவமைப்பதிலும் வல்லவராக இருந்தார். அஞ்சல் சீர்திருத்தத்துக்குப் பெயர்பெற்ற ரோலண்டு ஹில்லின் சகோதரரான எட்வின் ஹில்லுடன் சேர்ந்து, கடித உறைகளை மடிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1851 இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெரும் கண்காட்சியில் இவ்வியந்திரம் பார்வையாளர்களைப் பெரிதும் கவர்ந்தது.

1855 முதல் இந்தியாவின் அஞ்சல் தலைகளை இந்நிறுவனமே அச்சிட்டு அனுப்பியது. 1920களின் நடுப்பகுதியில் நாசிக் அச்சகம் அப்பணியை ஏற்கும் வரை இது தொடர்ந்தது.

வானியல் ஈடுபாடு

டி லா ரூவை வானியலுக்கு அழைத்துவந்தவர் பொறியியலாளர் ஜேம்ஸ் நாஸ்மித். நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய நாஸ்மித், தாமே தொலைநோக்கி செய்து சந்திரனை நோக்கிவந்தவர். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் 13 அங்குல விட்டமுள்ள ஆடி ஒன்றை அவர் டி லா ரூவுக்கு வார்த்துக் கொடுத்தார். அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலையை டி லா ரூ தாமே செய்தார். 10 அடி குவியத் தூரம் கொண்ட இந்த எதிரொளிப்புத் தொலைநோக்கி, இலண்டனின் வடபகுதியான கேனன்பரியில் அவருடைய வீட்டில் நிறுவப்பட்டது.

இக்கருவியால் நோக்கி இவர் வரைந்த கோள்களின் படங்கள் அக்காலத்தின் மிகச் சிறந்தவற்றுள் அடங்கும். 1852 இலும் 1856 இலும் சனியையும், 1856 இல் வியாழனையும் செவ்வாயையும் வரைந்தார். அச்சுத்தொழிலில் தேர்ந்தவராதலால் அவற்றைச் செதுக்குத் தகட்டில் நுணுக்கம் குன்றாமல் அச்சிடவும் அவரால் முடிந்தது.

சந்திரனின் ஒளிப்படங்கள்

கடித உறை இயந்திரம் வைக்கப்பட்டிருந்த அதே 1851 கண்காட்சியில், அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜான் ஆடம்ஸ் விப்பிள் எடுத்த சந்திரனின் டாகுரோடைப் படமும் வைக்கப்பட்டிருந்தது. அப்படத்தைக் கண்ட டி லா ரூ, தாமும் அவ்வாறு முயல முடிவுசெய்தார். அதே ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையை இவர் தேர்ந்தெடுத்தார். கண்ணாடித் தட்டின் மீது கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். தட்டு காய்ந்தால் ஒளியை உணரும் தன்மை குறைந்துவிடும். ஆகவே இருட்டறையும் தொலைநோக்கியும் அருகருகே இருக்க வேண்டியிருந்தது.

1852 இன் இறுதியில் இவர் சந்திரனின் முதல் படங்களைப் பெற்றார். ஒளி விழ வேண்டிய நேரம் 10 முதல் 30 விநாடிகள். வானம் சுழன்றுகொண்டிருப்பதால் அந்த நேரத்தில் சந்திரனின் பிம்பம் தட்டின் மீது நகர்ந்துவிடும். அவருடைய தொலைநோக்கியில் அப்போது கடிகார இயக்கி இல்லை. எனவே, தட்டைத் தாங்கிய சட்டத்தைக் கையால் மெல்ல நகர்த்தினார். கொலோடியன் பூச்சின் ஊடே தெரியும் கிண்ணக்குழி ஒன்றைப் பார்த்தபடியே அது இடம் மாறாமல் பின்தொடர்ந்தார். இம்முறையில் நல்ல படம் கிடைப்பது அரிதாக இருந்ததால் சில ஆண்டுகள் முயற்சியை நிறுத்திவைத்தார். 1857 இல் இலண்டனுக்கு மேற்கே உள்ள கிரான்போர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே கடிகார இயக்கி பொருத்திய பின்னரே பணி சீராக நடைபெற்றது.

தொலைநோக்கியின் குவியத்தில் சந்திரனின் பிம்பம் ஓர் அங்குலத்தைச் சற்றே விஞ்சும். ஆயினும் இவருடைய படங்களின் தெளிவு காரணமாக அவற்றை மூன்று அடி அளவுக்குப் பெரிதாக்க முடிந்தது. சந்திரன் பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும், சற்றே தலையசைப்பது போல ஓரங்களை மாறி மாறிக் காட்டுகிறது. இதைப் பயன்படுத்தி, வெவ்வேறு மாதங்களில் ஒரே பிறைநிலையில் எடுத்த இரு படங்களை இணைத்து முப்பரிமாணப் படம் உருவாக்கினார். அதில் சந்திரன் தட்டையான வட்டாகத் தோன்றாமல் உருண்டையாகவே கண்ணுக்குத் தெரிந்தது.

நிறமும் தட்டும்

கொலோடியன் தட்டு எல்லா நிறங்களையும் சமமாக உணர்வதில்லை. நீல, ஊதா ஒளியையே அது பெரிதும் உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருளே. ஆனால் கண் மஞ்சளையும் பச்சையையும் கூர்மையாகக் காண்கிறது. வில்லைகளால் ஆன ஒளிவிலகல் தொலைநோக்கிகளில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவிவதால், கண்ணுக்குத் தெளிவாக அமைத்த பிம்பம் தட்டில் மங்கிப்போனது. ஆடியில் இக்குறை இல்லை. எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. எதிரொளிப்புத் தொலைநோக்கியே ஒளிப்படத்துக்கு ஏற்றது என டி லா ரூ வலியுறுத்தியதன் காரணம் இதுவே. சந்திரனில் கண்ணுக்கு ஒரே அளவு ஒளியுடன் தோன்றும் இரு பகுதிகள் தட்டில் வெவ்வேறாகப் பதிவதையும் இவர் கண்டறிந்து தெரிவித்தார்.

கோள்களைப் படமெடுக்கும் முயற்சியில் இவருக்குச் சந்திரனில் கிடைத்த வெற்றி கிடைக்கவில்லை. வியாழனையும் சனியையும் இவர் தட்டில் பதிவுசெய்தார். 1859 மே மாதம் சந்திரன் சனியை மறைத்து விலகிய வேளையில் இரண்டையும் ஒரே தட்டில் எடுத்தார். ஆனால் அவருடைய தொலைநோக்கியின் குவியத்தில் வியாழனின் பிம்பம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அத்துடன், தட்டில் ஒளி விழும் விநாடிகள் முழுதும் காற்றின் அசைவால் பிம்பம் நடுங்கிக்கொண்டே இருக்கும். தொலைநோக்கியில் நோக்குபவரோ காற்று அமைதியடையும் கணத்துக்காகக் காத்திருந்து, கண்டதை மனத்தில் இருத்தி வரைந்துவிட முடியும். ஆகையால் கோள்களைப் பொறுத்தவரை இவருடைய ஒளிப்படங்களைக் காட்டிலும் இவர் கையால் வரைந்த படங்களே நுணுக்கமானவையாக இருந்தன.

கியூ சூரிய ஒளிப்படக் கருவி

சூரியனை நாள்தோறும் படமெடுக்க வேண்டும் என்ற கருத்தை ஜான் ஹெர்ஷல் 1854 இல் முன்வைத்தார். அதற்கான கருவியை டி லா ரூ வடிவமைத்தார். இலண்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரோஸ் செய்த இக்கருவி 1857 இல் நிறைவுற்று, கியூ ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. அரை அங்குல அளவுள்ள சூரிய பிம்பத்தை இரண்டாம் வில்லைத் தொகுதி ஒன்று நான்கு அங்குலமாகப் பெரிதாக்கித் தட்டில் வீழ்த்தியது. 1862 முதல் 1872 வரை சூரியப் புள்ளிகள் தொடர்ந்து படமெடுக்கப்பட்டன. பால்போர் ஸ்டூவர்ட், பெஞ்சமின் லோவி ஆகியோருடன் சேர்ந்து டி லா ரூ அப்படங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார். நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கும் பணியைப் பின்னர் கிரீன்விச் வானாய்வகம் மேற்கொண்டது.

1860 சூரிய கிரகணம்

முழு சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் கரிய வட்டைச் சுற்றிச் செந்நிறத் தீக்கொழுந்துகள் தோன்றுவதை 1842, 1851 ஆம் ஆண்டுகளின் கிரகணங்களில் பலர் கண்டிருந்தனர். அவை சூரியனுக்கு உரியவையா, சந்திரனுக்கு உரியவையா, வெறும் ஒளிமயக்கமா என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. சில நிமிடங்களே நீடிக்கும் காட்சியைப் பதற்றத்துடன் பார்த்து வரைந்தவர்களின் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதற்குத் தீர்வு காண ஒளிப்படமே வழி என டி லா ரூ கருதினார்.

1860 ஜூலை 18 அன்று வடக்கு ஸ்பெயினில் முழு கிரகணம் தெரியவிருந்தது. பிரித்தானியக் கடற்படை வழங்கிய இமாலயா என்ற கப்பலில் வானியலாளர்கள் புறப்பட்டனர். டி லா ரூ கியூ கருவியை எடுத்துக்கொண்டு, மிராண்டா டி எப்ரோ நகருக்கு அருகிலுள்ள ரிவாபெயோசா என்னும் சிற்றூரில் தங்கினார். கருவியுடன் இருட்டறையும் அங்கே அமைக்கப்பட்டது. அக்கருவி பிரகாசமான சூரியனுக்காகச் செய்யப்பட்டது. கிரகணத்தின் மங்கலான ஒளி அதில் பதியுமா என்பதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழியில்லை. முழு கிரகணம் நீடித்ததோ சுமார் மூன்று நிமிடங்களே. அந்நேரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வீதம் ஒளியை விழச்செய்து இரண்டு தட்டுகள் எடுக்கப்பட்டன. இரண்டிலும் தீக்கொழுந்துகள் தெளிவாகப் பதிந்திருந்தன. தட்டு ஊதா ஒளியை நன்கு உணர்வதால், கண்ணுக்குப் புலப்படாத சில பகுதிகளும் அதில் பதிவாயின.

சந்திரன் நகர நகர, சூரியனின் கிழக்கு விளிம்பில் இருந்த தீக்கொழுந்துகள் மறைக்கப்படுவதையும், மேற்கு விளிம்பில் இருந்தவை வெளிப்படுவதையும் இப்படங்கள் காட்டின. அவை சந்திரனைச் சேர்ந்தவையாயின் அதனோடு சேர்ந்தே நகர்ந்திருக்க வேண்டும். மேலும், இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி ஸ்பெயினின் கிழக்குக் கரையில், சுமார் 380 கி.மீ. தொலைவில், சில நிமிடங்கள் கழித்து எடுத்த படங்களிலும் அதே தீக்கொழுந்துகள் அதே வடிவில் இருந்தன. இரு தொகுதிகளையும் ஒப்பிட்டதில் அவை சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. இம்முடிவுகளை டி லா ரூ 1862 இல் அரச கழகத்தின் பேக்கரியன் விரிவுரையாக வழங்கினார்.

அவை எதனால் ஆனவை என்ற அடுத்த வினாவுக்கு 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த கிரகணத்தில் விடை கிடைத்தது. அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சன் நிறமாலைக் கருவியால் நோக்கி, அவை பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆன வாயுப் பிழம்புகள் எனக் கண்டார்.

பிற்கால வாழ்வு

1868 முதல் 1883 வரை ஹியூகோ முல்லருடன் இணைந்து வாயுக்களின் ஊடே மின்சாரம் பாய்வதை டி லா ரூ ஆராய்ந்தார். இதற்கென 14,600 வெள்ளிக் குளோரைடு மின்கலங்களைக் கொண்ட பெரும் மின்கல அடுக்கு ஒன்று அமைக்கப்பட்டது.

1873 இல் வானியல் நோக்கும் பணியிலிருந்து விலகி, 13 அங்குலத் தொலைநோக்கி உள்ளிட்ட கருவிகளை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக வானாய்வகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1887 இல் பல நாடுகள் சேர்ந்து வானம் முழுவதையும் ஒளிப்படம் எடுக்கத் திட்டமிட்டபோது, ஆக்ஸ்போர்டும் அதில் பங்கேற்க 13 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி ஒன்றையும் வழங்கினார். ஏப்ரல் 19, 1889 இல் இலண்டனில் காலமானார்.

சிறப்புகள்

டி லா ரூ 1850 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கத்தை 1862 இலும், அரச கழகத்தின் அரச பதக்கத்தை 1864 இலும் பெற்றார். 1864–1866 காலப்பகுதியில் அரச வானியல் கழகத்தின் தலைவராகவும், வேதியியல் கழகத்தின் தலைவராக இருமுறையும் பணியாற்றினார். சந்திரனின் வடகிழக்கு விளிம்பருகே உள்ள சுமார் 135 கி.மீ. விட்டமுடைய கிண்ணக்குழிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இன்றைய கோள் ஒளிப்படவியலில்

டி லா ரூ எதிர்கொண்ட இரு இடர்களான காற்றின் நடுக்கமும் நிறமும் இன்றைய தொழில்முறை சாரா கோள் ஒளிப்படவியலாளர்களுக்கும் உண்டு. காற்றின் நடுக்கத்தை அவர்கள் நிகழ்படத்தால் கடக்கின்றனர். சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான சட்டங்களை எடுத்து, காற்று அமைதியாக இருந்த கணங்களின் சட்டங்களை மட்டும் கணினியால் தேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கின்றனர். முன்பு நோக்குபவரின் கண் காத்திருந்து செய்த வேலையைக் கணினி செய்கிறது.

நிறத்துக்கு இரு வழிகள் உள்ளன. வண்ணக் கேமராவில் ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் சிறு நிற வடிப்பான் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் பெறும். இதனால் ஒரே முயற்சியில் வண்ணப்படம் கிடைக்கிறது. ஒருநிறக் கேமராவில் இத்தகைய வடிப்பான் இல்லை. சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்களை முறையே முன்னால் வைத்து மூன்று படங்கள் எடுத்து இணைக்க வேண்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் இவற்றை விரைந்து எடுப்பது அவசியம். ஆயினும் எல்லாப் புள்ளிகளும் ஒவ்வொரு நிறத்தையும் முழுமையாகப் பெறுவதால் நுணுக்கம் கூடுகிறது. வெள்ளியின் மேகங்களைப் புற ஊதா ஒளியில் எடுப்பதற்கும் இதுவே ஏற்றது. ஒரு நிறப் பகுதியை மட்டும் உணரும் தட்டில் கண் காணாததும் பதியும் என்பதை டி லா ரூ 1860 இலேயே கண்டிருந்தார்.

2009 ஜூலை 19 அன்று வியாழனில் ஏதோவொரு வான்பொருள் மோதிய தழும்பை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தொழில்முறை சாரா வானியலாளர் அந்தோனி வெஸ்லி. அவர் பயன்படுத்திய ஆடி 14.5 அங்குல விட்டமுடையது. டி லா ரூவின் ஆடியைவிட அது ஒன்றரை அங்குலமே பெரியது.