இரண்டு கணக்கு கேட்ட மஹலனோபிஸ்



ஜூன் 29 நம் நாட்டில் புள்ளியியல் தினம். 2007 முதல் கொண்டாடப்படுகிறது. அது பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் பிறந்த நாள். 1893-ல் கல்கத்தாவில் பிறந்த இவரைக் கணினிப் பிரிவு மாணவர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1913-ல் இங்கிலாந்து போய்க் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் யார் தெரியுமா? நம்ம கும்பகோணத்து ராமானுஜன்! குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்கு, கம்பளிகளின் மேலே படுக்கக் கூடாது, உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் இவர்தான்.

1915-ல் ஊர் திரும்பும்போது கையில் புள்ளியியல் இதழ்கள் இருந்தன. கப்பலிலேயே அவற்றில் மூழ்கிவிட்டார். படித்தது இயற்பியல், பிடித்தது புள்ளியியல்! பிரெசிடென்சியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டே, 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது? எல்லா வயலையும் அளக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. குலுக்கலில் விழுந்த சில இடங்களை மட்டும் அளந்தார்கள். சரி, அளந்தவர் ஒழுங்காக அளந்தாரா? அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார்.

நம் அஸ்தினாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை குடம் லாரித் தண்ணீர் என்று கணக்கெடுக்க வேண்டும். குலுக்கி எடுத்த 100 வீடுகளில் 50 ஒருவருக்கு, 50 இன்னொருவருக்கு. இருவர் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கலாம், தேட வேண்டும். முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது!

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட கிராமங்களையும் அவருடைய நிறுவனம் மாதிரி முறையில் ஆராய்ந்தது. 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1956-ல் வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவரும் அவரே. அதே காலத்தில்தான் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியைத் தன் நிறுவனத்துக்கு வரவழைத்தார். இந்தியாவுக்கு வந்த முதல் கணினி அதுதான். 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1972 ஜூன் 28-ல் மறைந்தார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். வங்கிகளிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் இன்றும் மெயின்ஃப்ரேம் ஓடுகிறது. அதற்கு வேலை சொல்லும் மொழி ஜே.சி.எல். இரண்டு டேட்டா செட்களை ஒன்றாகப் படிக்க வைக்க, முதல் டி.டி. வரிக்கு மட்டும் பெயர் வைப்போம். அடுத்த டி.டி. வரியில் பெயர் இடத்தைக் காலியாக விடுவோம். புரோகிராம் இரண்டையும் ஒரே ஃபைல் மாதிரி வரிசையாகப் படிக்கும்.

ஆனால் அடுத்த ஸ்டெப்பில் சோம்பல்பட்டு, நட்சத்திரக் குறி போட்டு அந்தப் பழைய பெயரையே சுட்டினால் என்ன ஆகும்? முதல் டேட்டா செட் மட்டுமே வரும். இரண்டாவது வராது. ஜாப் பிழை எதுவும் காட்டாமல் முடிந்துவிடலாம். கூட்டுத் தொகையும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும்! எனவே அங்கேயும் இரண்டு பெயர்களையும் மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை ரெக்கார்டு, மொத்தம் எத்தனை என்று தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

விட்டுப்போன டேட்டா செட்டில் இருப்பது வெறும் எண்கள் இல்லை, நண்பர்களே. ஒருவருடைய பென்ஷன், ஒருவருடைய ஸ்காலர்ஷிப். என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு, பட்டியலில் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஹலனோபிஸ் இரண்டு கணக்கு கேட்டது இதற்காகத்தான். நாளை வேலைக்குப் போகும் நாமும் கேட்போம்!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு