பாட்டின் நடுவே வந்த உத்தரவு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1807-ல் பிறந்த வில்ஃபோர்ட் உட்ரஃப், மாவு மில்காரரின் மகன். 1833 டிசம்பரில் மார்மன் போதகர்களின் பிரசங்கத்தைக் கேட்ட இரண்டே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

1840 மார்ச் 1 அவருடைய 33-வது பிறந்த நாள். இங்கிலாந்தில், பீங்கான் தொழிலாளர் நிறைந்த ஹான்லியில் சபை கூடிப் பாடுகையில், வேறிடம் செல்லும்படி ஆண்டவர் உணர்த்துவதாக அறிந்தார். அங்கே ஊழியம் செழித்திருந்தது. அந்த வாரக் கூட்டங்களும் நிச்சயமாகியிருந்தன. எனினும் தாமதிக்காமல் தெற்கே ஹெரஃபோர்ட்ஷயருக்குப் புறப்பட்டார்.

அங்கே முன்பின் அறியாத விவசாயி ஜான் பென்போ அவரை வரவேற்றார். மெதடிஸ்டுகளைப் பிரிந்து சத்தியம் தேடியிருந்த சுமார் 600 பேரில், ஒருவர் நீங்கலாக அனைவரும் அவர் வழி வந்தனர் என்கிறது திருச்சபை வரலாறு. பென்போவின் பண்ணைக் குளத்திலேயே பலர் ஞானஸ்நானம் பெற்றனர்.

1889-ல் திருச்சபைத் தலைவரான உட்ரஃப், 1890-ல் பலதார மணத்தை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். 1898-ல் காலமானார்.