மீகாமன் இராபர்ட் ஸ்மால்ஸ்

அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் பியூபோர்ட் என்பது ஒரு கடலோரச் சிற்றூர். அவ்வூரில் மெக்கீ என்னும் செல்வர் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னே இருந்த குடிசையில், 1839 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் இராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தார். தாயார் லிடியா அவ்வீட்டின் அடிமை. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். ஆடு மாடுகளைப் போல மனிதரையும் விலை பேசிய கொடிய காலம் அது.

பன்னிரண்டாம் வயதில் அவர் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். உணவு பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், மூட்டை சுமந்தார், பாய் தைத்தார், நாளடைவில் கப்பலின் சுக்கான் பிடிப்பதிலும் வல்லவரானார். ஆயினும் மீகாமன் என்னும் பட்டம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியது. கூலியில் வாரம் ஒரு வெள்ளி போக எஞ்சியதெல்லாம் எசமானருக்கே சென்றது. ஹன்னா என்னும் அடிமைப் பெண்ணை 1856 இல் மணந்தார். மனைவியையும் பெண் குழந்தையையும் விலைக்கு வாங்கி விடுவிக்க 800 வெள்ளி வேண்டியிருந்தது. வயிற்றைக் கட்டி அவர் சேர்த்ததோ 100 வெள்ளிதான்!

1861 இல் வட மாநிலங்களுக்கும், அடிமை முறையைக் கைவிட மறுத்துப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் போர் மூண்டது. தென்னவரின் பிளாண்டர் என்னும் நீராவிக் கப்பலில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடித்தார். 1862 மே 13 ஆம் நாள் விடியற்காலை, கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் உறங்கச் சென்றிருந்தனர். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி மக்களையும் தோழர் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே மேல்தளத்தில் நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் அதற்குரிய ஊதல் ஒலியைத் தவறாமல் எழுப்பினார். ஓர் ஒலி பிசகியிருந்தாலும் பீரங்கிகள் முழங்கியிருக்கும். கோட்டைகளைத் தாண்டியதும் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக உயர்த்தி, வடவர் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அன்று விடுதலை பெற்றோர் பதினாறு பேர்.

இவ்வீரச் செயலை அறிந்தோர் பலர். ஆனால், போர் ஓய்ந்தபின் அவர் ஆற்றிய தொண்டே இதனினும் பெரிது என்பது என் கருத்து.

1865 இல் போர் முடிந்தது; அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்கள் விடுதலையாயினர். நிலமில்லை, வீடில்லை, எழுத்தறிவும் இல்லை. அடிமைக்கு எழுதக் கற்பிப்பதே தென் கரோலினாவில் குற்றமாக இருந்ததன்றோ! ஸ்மால்ஸும் வளர்ந்தபின்னரே, 1864 இல் பிலடெல்பியா நகரில் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட மாதங்களில், ஆசிரியர் வைத்து எழுத்துக் கற்றார். அதனால்தான் போலும், 1868 இல் மாநிலத்திற்குப் புதிய அரசியல் சட்டம் இயற்றக் கூடிய பேரவையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாப் பொதுப் பள்ளிகள் வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். மாணவர்களே, நிறம் பாராது அனைவருக்கும் பள்ளி என்பது அம்மாநிலம் அதுவரை கண்டிராத புதுமையாகும்.

பின்பு மாநிலச் சட்டமன்றத்திலும், 1875 முதல் இடையிடையே 1887 வரை நாட்டின் நாடாளுமன்றத்திலும் அவர் அமர்ந்தார். முன்னர் தாம் அடிமையாய் வளர்ந்த மெக்கீ வீடு வரி கட்டப்படாமல் ஏலத்திற்கு வந்தபோது, அதனை விலைக்கு வாங்கியிருந்தார். அதனைத் திரும்பப் பெறத் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1878 இல் ஸ்மால்ஸே வென்றார். முதுமையில் நினைவு தடுமாறிய பழைய எசமானி அவ்வீட்டுக்கு வந்தபோது, அவரை விரட்டாமல் தங்க இடமளித்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்லி வந்தனர்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1876 தேர்தலில் செஞ்சட்டை அணிந்த ஆயுதக் கும்பல்கள் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தின. அடுத்த ஆண்டு நடுவணரசு தன் படையை விலக்கிக்கொண்டது. ஸ்மால்ஸ் மீது கையூட்டுக் குற்றம் சாட்டித் தண்டனையும் விதித்தனர். அரசியல் பகையே இதற்குக் காரணம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். 1879 இல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

1895 இல் மற்றொரு பேரவை கூடியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தந்திரமாகப் பறிப்பதே அதன் நோக்கம். சட்டத்தைப் படித்துக் காட்டினால்தான் வாக்கு என்றொரு விதி செய்தனர். தேர்வு செய்யும் அதிகாரியோ வெள்ளையர். உறுப்பினருள் கறுப்பினத்தவர் அறுவரே. ஸ்மால்ஸ் எழுந்து நின்று வாதாடினார், தோற்றார். அச்சட்டத்தில் கையொப்பமிடவும் மறுத்தார். ஒப்பமிடாதவர்க்கு வழிச்செலவு இல்லை என்ற பேச்சு எழுந்தபோது, பியூபோர்ட்டுக்கு நடந்தே போகவும் ஆயத்தமாயிருந்தார்.

1915 பிப்ரவரி 23 ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், தம் ஊரிலேயே அவர் காலமானார். பறிபோன வாக்குரிமையை உறுதிசெய்யும் சட்டம் நிறைவேற 1965 ஆம் ஆண்டுவரை அவர் மக்கள் காத்திருக்க நேர்ந்தது. தென்னவர் படையின் வெற்றியொன்றை நினைவூட்டிய பெயருடன் இருந்த போர்க்கப்பலுக்கு, 2023 இல் அமெரிக்கக் கடற்படை இராபர்ட் ஸ்மால்ஸ் எனப் புதுப்பெயர் சூட்டியது.