மானத்தினும் பெரிய கடமை
சீன வரலாற்றாசிரியர் சிமா சியான்

உயிரினும் மானம் பெரிதென்பது சான்றோர் கொள்கை. அம் மானத்தையும் ஒரு நூலின்பொருட்டு இழந்து, உலகம் இகழ உயிர் வாழ்ந்த ஒருவரைச் சான்றோர் எனல் தகுமோ? தகும் என்பதற்குச் சீன நாட்டு வரலாற்றாசிரியர் சிமா சியானின் வாழ்க்கையே சான்றாகும்.

அவர் கி. மு. 145 ஆம் ஆண்டளவில் மஞ்சளாற்றின் அயலிலுள்ள லொங்மென் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் சிமா தான், ஹான் மரபினராகிய பேரரசர் வூவின் அவையில் வானியல், பஞ்சாங்கம், அரச ஏடுகள் ஆகியவற்றைப் பேணும் அதிகாரியாயிருந்தார். மைந்தர் பத்து வயதிலேயே பழைய நூல்களை ஓதினார். இருபதாம் வயதில் நாடெங்குஞ் சுற்றினார். புலவர் சூ யுவான் வீழ்ந்து உயிர்நீத்த மிலுவோ ஆற்றங்கரையிற் கண்ணீர் சிந்தினார். கன்பூசியசின் கோயிலைக் கண்டு வணங்கினார். முதியோரை அடுத்துப் பழஞ்செய்திகளைக் கேட்டறிந்தார்.

கி. மு. 110 இல் பேரரசர் தை மலையிற் பெருவேள்வி செய்தார். அதிற் கலந்துகொள்ளப் பெறாத துயரால் நோயுற்ற தந்தையார், லோயாங்கில் மைந்தரின் கையைப் பற்றி அழுது, தாம் எழுத எண்ணிய வரலாற்றை முடிக்குமாறு பணித்து உயிர் துறந்தார். கி. மு. 108 இல் தந்தையாரின் பதவி மைந்தரை அடைந்தது, கி. மு. 104 இல் நிகழ்ந்த பஞ்சாங்கத் திருத்தத்திலும் அவர் பங்குகொண்டார். நூலும் வளர்ந்து வந்தது.

கி. மு. 99 இல் லீ லிங் என்னும் தளபதி 5,000 காலாட்களுடன் சியொங்னு நாடோடிகள்மேற் சென்றார். பன்மடங்கு பெரிய படை அவரைச் சூழ்ந்தது, அம்புகள் தீர்ந்தன, அவர் பகைவரிடம் சரணடைந்தார். முன்னர் அவரது வெற்றிச் செய்தி கேட்டுக் கிண்ணம் ஏந்தி மகிழ்ந்த அவையோர், இப்போது அவரைப் பழித்தனர். சிமா சியான் லீ லிங்கின் நெருங்கிய நண்பரல்லர். ஆயினும் அவருடைய வீரத்தை எடுத்துரைத்தார். தம் அன்புக்குரிய தேவியின் சகோதரராகிய மற்றொரு தளபதியைக் குறைகூறியதாகவே பேரரசர் அதனைக் கொண்டு, அவரைச் சிறையிலிட்டார்.

பொருள் கொடுத்து மீளலாம். அவரிடம் பொருளில்லை, உதவுவாருமில்லை. தம்முயிரைத் தாமே மாய்க்கலாம். மானமுடையோர் செயல் அதுவென அக்காலத்தோர் கருதினர். எஞ்சியது ஆண்மை நீக்குந் தண்டனை. அதனினும் இழிந்தது வேறில்லை என்பதை அறிந்தும் அவர் அதனையே ஏற்றார். நூல் முற்றுப்பெறாதிருந்தமையே காரணம்.

பின்னாளில் நண்பர் ரென் ஆனுக்கு வரைந்த திருமுகத்தில் தம் உள்ளத்தைத் திறந்து காட்டினார். எல்லார்க்கும் இறப்பு ஒன்றே. எதன்பொருட்டு இறக்கின்றோம் என்பதே அதற்கு நிறை தருவது என்பது அவர் துணிபு. நூலை முடியாது இறந்திருப்பின், குற்றவாளி ஒருவன் ஒழிந்தான் என்றே உலகம் எண்ணியிருக்கும். உயிர் வாழ்தலும் அவர்க்கு எளிதாயிருக்கவில்லை. அவமானத்தை நினைக்குந்தோறும் முதுகு வியர்வையால் நனைந்தது. சிறையிலும் நாடுகடத்தலிலும் உடற்குறையிலும் வருந்திய முன்னோரே அழியா நூல்களைத் தந்தனர் என்னும் எண்ணம் அவரைத் தாங்கிற்று.

அந்நூலே ஷிஜி. 130 அதிகாரங்களும் ஏறக்குறைய 526,500 எழுத்துக்களும் கொண்டு, மஞ்சள் பேரரசர் தொடங்கி ஆசிரியர் காலம் வரை செல்வது. அரசரோடு வணிகர், மருத்துவர், விகடகவிகள் ஆகியோர்க்கும் அதில் இடமுண்டு. தோல்வியுற்ற வீரர் சியாங் யூவின் வரலாறு பேரரசர் வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளது. எழுபது தனிமனிதர் வரலாற்று அதிகாரங்களின் தொடக்கத்தில், நெறி பிறழாது மலையிற் பட்டினியால் இறந்த போ யீயைக் கூறி, நல்லார் நலிய கள்வர் நெடிது வாழ்தல் வானத்தின் நீதியோ என வினவுகின்றார். விடை கூறவில்லை, ஆனால் மறக்கப்படவிருந்த நல்லாரின் பெயரை ஏட்டிலே பொறித்தார். வானம் வழங்காத நீதியை எழுத்து ஒருவாறு வழங்கலாம் என்பதே அவர் நம்பிக்கை.

நூலின் ஒரு படியை மலையிற் சேமிக்கவும் மற்றொன்றைத் தலைநகரில் வைக்கவும் அவர் கருதினார். மகள்வயிற்றுப் பேரர் யாங் யுன் பின்னர் அதனை உலகறியச் செய்தார். பிறர் பலரின் இறப்பை எழுதிவைத்த அப்பெரியாரின் இறப்பு எவ்வாண்டில் நேர்ந்ததென எழுதிவைத்தார் இலர்.

மாணவர்காள்! தொடங்கிய நற்பணியை இடர் கண்டு கைவிட எண்ணும்போது, தந்தைக்கு அளித்த சொல்லுக்காகப் பழியையுஞ் சுமந்து எழுதுகோலைக் கீழே வையாத இப்பெரியாரை நினைமின்.